தேன்சிட்டுக்கு இடும் விருந்து

ஜொகூர் மாநிலத்தில் மூவாரிலோ குளுவாங்கிலோ கூலாயிலோ வீட்டு முகப்பில் ஒரு செம்பருத்திச் செடியும் கொல்லையில் இரண்டு வாழையும் வைத்திருப்பவர் எவரும், கட்டைவிரலைவிடச் சற்றே பெரிதான ஒரு மஞ்சள் வயிற்றுக் குருவி, வளைந்த மெல்லிய அலகோடு பூவுக்குப் பூ தாவி ஓயாமல் கீச்சிடுவதைக் கண்டிருப்பார்; கண்டவர்களுள் பலர், படங்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்துப் பழகிய அமெரிக்க நாட்டு ஹம்மிங்பேர்டு என்னும் ரீங்காரச்சிட்டே நம் ஊருக்கும் வந்துவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தும் இருப்பார்கள். மகிழ்ச்சியில் குற்றமில்லை, ஆனால் அந்தப் பறவை தேன்சிட்டு. அதற்கும் ரீங்காரச்சிட்டுக்கும் உள்ள ஒற்றுமை எவ்வளவு, வேற்றுமை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அதைத் தோட்டத்துக்கு வரவழைத்து உபசரிக்க விரும்புவோர் எந்த முறையில் உபசரிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

ரீங்காரச்சிட்டுகளில் ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு. வடக்கே அலாஸ்கா முதற்கொண்டு தெற்கே தென் அமெரிக்காவின் முனை வரை அவை பரவியிருப்பினும், அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றைச் சார்ந்த தீவுகளையும் விட்டு வெளியே இன்று ஓர் இனமேனும் இயற்கையாக வாழ்வதில்லை. கியூபாவில் உள்ள தேனீச்சிட்டு ஏறத்தாழ இரண்டு கிராம் எடையே உடையது. பறவைக் குலத்தில் அதனினும் சிறியது வேறில்லை. வினாடிக்கு ஐம்பது முறையும் அதற்கு மேலும் சிறகடித்து, பூவின் முன் அந்தரத்தில் நின்று, வேண்டுமானால் பின்னோக்கியும் பறக்க வல்ல இந்த ஜீவன்களுக்குக் குல உறவு உழவாரக் குருவிகளோடுதான். ஜொகூர் நகரங்களில் பழைய கடைவீடுகளின் மேல்மாடியைச் சன்னலடைத்து இருட்டாக்கி, விலைமதிப்புள்ள எச்சில்கூட்டுக்காக ஒரு குருவியைக் குடிவைக்கிறார்களே, அது அந்த உழவாரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ரீங்காரச்சிட்டுக்கு இந்த மாநிலத்தில் ஓர் உறவினரைத் தேடப் புகுந்தால், பூந்தோட்டத்தைவிடக் கடைத்தெருக் கூரையோரத்தில் தேடுவதே பொருந்தும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2004-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஜெரால்டு மாயர், தென் ஜெர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுப் பழமையுள்ள எலும்புக்கூடுகளை ஆராய்ந்து, நீண்ட அலகும் அந்தரத்தில் நின்று பறப்பதற்கு ஏற்ற சிறகெலும்புகளும் உடைய அவை ரீங்காரச்சிட்டுகளே என்று விளக்கினார். ஒரு காலத்தில் பழைய உலகத்திலும் வாழ்ந்திருந்த அந்தக் குலம் பிற்பாடு இங்கே அற்றுப்போய் அமெரிக்காவில் மட்டும் தழைத்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் பூந்தேனை நம்பி வாழும் தொழிலை இன்று ஏற்று நடத்துவது 140-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட தேன்சிட்டுக் குடும்பமாகும்.

தேன்சிட்டோ, காகமும் மைனாவும் ஊர்க்குருவியும் அடங்கிய பெரும் பிரிவைச் சேர்ந்தது. வம்சம் வேறாயினும் ஆகாரம் ஒன்றானபடியால், சிறிய சரீரம், நீண்ட அலகு, வெளியே நீளும் நாக்கு, ஆண் பறவையின் மேனியில் வெயில் பட்டால் உலோகம்போல் மின்னும் வர்ணம் ஆகிய அனைத்தும் இரு குலங்களிலும் தனித்தனியே தோன்றின. விஞ்ஞானிகள் இதனைக் குவி பரிணாமம் என்பார்கள். இந்த ஒற்றுமை வெளித்தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. பறவைகளின் மூதாதையர்கள் இனிப்பை அறியும் உணர்கருவியை இழந்துவிட்டவர்கள். கோழிக்கு இன்றும் சர்க்கரையின் சுவை தெரியாது. ரீங்காரச்சிட்டுகள் இறைச்சிச் சாற்றின் ருசியை அறியும் வேறோர் உணர்கருவியையே மாற்றியமைத்து இனிப்பை அறியக் கற்றன என்பதை 2014-ஆம் ஆண்டில் மோட் பால்ட்வினும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். தேன்சிட்டு உள்ளிட்ட பாடும் பறவைகளின் முன்னோர்களும் அதே உணர்கருவியையே, ஆனால் அதன் வேறு பகுதிகளில் மாற்றங்கள் ஏற்பட்டு, அதே காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன என்பது 2021-ஆம் ஆண்டு வெளியான ஆய்வினால் தெரிய வந்தது.

ஆனால் குடிக்கும் விதம் ஒன்றல்ல. ரீங்காரச்சிட்டின் நாக்கு நுனியில் இரு பிளவாகி, தேனில் தோய்ந்ததும் விரிந்து, வெளியே இழுக்கும்போது மூடிக்கொண்டு தேனைச் சிறைப்பிடிக்கிறது என்பதை 2011-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மிக விரைவான படப்பிடிப்பின் மூலம் காட்டினார்கள். மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதுபோலத் தேன் ஏறுகிறது என்று நெடுங்காலம் நிலவிய அபிப்பிராயம் அத்துடன் தளர்ந்தது. தேன்சிட்டின் நாக்கு குழாயாகச் சுருண்டிருப்பது. அது தேனை உறிஞ்சியே குடிக்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. அதைவிட நம் கண்ணுக்கே பிரத்தியட்சமான வேற்றுமை ஒன்று உண்டு: ரீங்காரச்சிட்டு பறந்துகொண்டே குடிக்கும், தேன்சிட்டு உட்கார்ந்துகொண்டு குடிக்கும். அவசியம் நேர்ந்தால் தேன்சிட்டும் சிறிது நேரம் அந்தரத்தில் நிற்கும். தென் அமெரிக்காவிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குச் சென்று காடாய் மண்டிய ஒரு புகையிலை இனத்துச் செடியின் பூக்கள் ரீங்காரச்சிட்டுக்கென்றே அமைந்தவை. அவற்றில் கால் வைக்க வசதி இல்லாமையால் அங்குள்ள தேன்சிட்டுகள் அடிக்கடி பறந்துகொண்டே குடிக்கப் பழகியதை 2009-இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜொகூரிலும் அமெரிக்கப் பூக்களுக்குப் பஞ்சமில்லை. பூங்காக்களிலும் பங்களாக்களின் வேலியோரங்களிலும் சிவந்தும் மஞ்சளித்தும் தொங்கும் ஹெலிகோனியாக்களிற் பெரும்பாலானவை, தம் சொந்த நாட்டில் ரீங்காரச்சிட்டுகளுக்குத் தேன் வார்ப்பவை. விருந்தாளி வராத ஊரில் பரிமாறப்பட்ட அந்த இலையில் நம் தேன்சிட்டு தயக்கமின்றி உட்கார்ந்துவிட்டது.

ஜொகூரில் வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் மூன்று இனங்கள். முதலாவது, எங்கும் காணக்கூடிய மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு; பத்துக் கிராமுக்கும் குறைந்த எடை; முதுகு ஆலிவ் பச்சை; ஆணுக்குக் கழுத்திலும் மார்பிலும் கருநீலப் பளபளப்பு உண்டு, பெண்ணுக்கு அடிப்பகுதி முழுவதும் மஞ்சள். இரண்டாவது, உடம்பு சற்றுப் பருத்த பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு. தென்னந்தோப்பும் கடலோரமும் அதற்கு விருப்பமான இடங்கள். மலாக்காவிலிருந்து கிடைத்த பறவையைக் கொண்டு 1786-இல் ஸ்கோபோலி அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியதனால், மூவார் ஆற்றுக்கு அப்பால் உள்ள அந்த ஊரின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. மூன்றாவது செந்தேன்சிட்டு; ஆணின் தலையும் மார்பும் செக்கச் சிவந்தவை. சிங்கப்பூரைத் தோற்றுவித்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் 1822-இல் அதனை விவரித்து எழுதினார். நீரிணைக்கு அக்கரையில் அதே சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டு நடந்த பொதுமக்கள் வாக்கெடுப்பில் தேசியப் பறவையாக அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது, அரசாங்க முத்திரை இல்லாவிடினும். இவற்றோடு, கோத்தா திங்கியை அடுத்த பந்தி வனத்திலும் லேடாங் மலைச்சாரலிலும் வாழும் சிலந்திபிடிப்பான் என்னும் நீளலகுப் பறவை, காட்டோரத்து வாழைத் தோப்புகளுக்கும் இறங்கி வருவதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர், அங்கே தம் வீட்டுக் கொல்லையில் கண்ட ஊதாத் தேன்சிட்டை இங்கே தேடினால் ஏமாற்றமடைவார். அந்த இனம் மலாயாத் தீபகற்பத்தின் இந்தத் தென்கோடியில் வாழ்வதில்லை.

பறவைக்கும் பூவுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை நம்மவர்களில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் சாலிம் அலி. 1932-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் பூவை நாடும் பறவைகளையும் பறவையை நாடும் பூக்களையும் பற்றி அவர் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். பறவைக்கென அமைந்த பூவை அடையாளம் காண்பது அரிதன்று. பறவைகளுக்குச் சிவப்பு நன்கு தெரியும், தேனீக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே அத்தகைய பூக்களிற் பல சிவந்திருக்கும். வாசனையை நம்பிப் பறவை வருவதில்லை; ஆகவே மணம் இராது. தேனோ தாராளமாக, ஆனால் நீர்த்ததாக இருக்கும். பொந்தியான் கரையோரத்திலும் தஞ்சோங் பியாய் சதுப்பிலும் வளரும் பெரும்பூக் கண்டல் மரம் இதற்கு ஓர் அற்புதமான உதாரணம். அதன் ஒவ்வோர் இதழும் இரண்டு மகரந்தத் தாள்களை விறைப்பாக மடக்கிப் பொத்தி வைத்திருக்கிறது; தேனைத் தேடி நுழையும் அலகு இதழின் அடியில் பட்ட மாத்திரத்தில் அது வெடித்துத் திறந்து, மகரந்தத்தைப் பறவையின் முகத்திலே தூவிவிடுகிறது. அடுத்த பூவுக்குச் செல்லும் தேன்சிட்டு, தான் அறியாமலே அந்த மரத்தின் தூதனாகிவிடுகிறது. எதிர்க்கரையான சுமாத்திராவில் காட்டு வாழைகளை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானிகள், பூங்குலை கீழ்நோக்கித் தொங்கும் வாழைக்கு வௌவாலும், மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் வாழைக்குத் தேன்சிட்டுக் குடும்பத்துப் பறவையும் மகரந்தம் சுமப்பதை 1991-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் இந்த வியாபாரத்தில் பறவை எப்போதும் நாணயமாக நடந்துகொள்வதில்லை. 1960-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் தேசிய மலராக விளங்கும் செம்பருத்தியில் தேன்சிட்டு குடிப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்தால் இது புலப்படும். பூவின் வாய்க்கு நேராக வந்து, மகரந்தம் நிறைந்த நீண்ட தண்டைத் தாண்டித் தேனை எட்டுவது அதற்குப் பிரயாசையான காரியம். ஆகவே அது பூக்காம்பின் மேல் பின்புறமாக உட்கார்ந்து, உடலைச் சாய்த்து, பச்சைப் புல்லி வட்டத்துக்குச் சற்று மேலே இதழ்களின் அடியில் அலகைச் செருகி ஒரு துளையிட்டு, அதன் வழியே நாக்கை நீட்டிக் குடித்துவிட்டு, மகரந்தம் ஒரு துளியும் மேலே படாமல் அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது. விஞ்ஞானிகள் இதனைத் தேன் களவு என்றே குறிப்பிடுவார்கள். மறுநாள் வாடிய பூவை எடுத்து அடிப்புறம் திருப்பிப் பார்த்தால், இதழில் சிறு கீறல் ஒன்று தென்படும். களவு நடந்ததற்கு அதுவே சாட்சி. செடிக்கு இதனால் ஒரு பலனும் இல்லை. பதியன் வைத்தே வளர்க்கும் நமக்கோ இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி, உபசரிக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் சர்க்கரை நீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளை வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு ரீங்காரச்சிட்டுகளை அழைப்பது பெருவழக்கு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹாரல்டு எட்ஜர்டன், கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறு பகுதியே ஒளிரும் மின்விளக்கைக் கொண்டு அவற்றின் சிறகுகளை உறைந்த நிலையில் எடுத்த படங்கள் 1947-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளியானபோது அந்தப் பறவைகளின்பால் மக்களுக்கு இருந்த மோகம் வளர்ந்தது. பின்னர் அத்தகைய புட்டிகள் கடைச்சரக்காகவே ஆயின. அங்கே அதற்கு ஒரு நியாயமும் உண்டு. குளிர்காலத்துக்கு முன் மெக்சிகோ வளைகுடாவையே ஒரே மூச்சில் கடந்து செல்லும் செங்கழுத்து ரீங்காரச்சிட்டுக்கு, புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்க்கவும், வசந்தத்தில் பூக்குமுன் திரும்பி வந்தால் பசியாறவும் அந்தப் புட்டி துணையாகிறது. ஜொகூரின் தேன்சிட்டோ எங்கும் யாத்திரை போவதில்லை. பருவக்காற்றுகள் இரண்டிலும் மழை பெய்து, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு செடி பூத்தவண்ணம் இருக்கும் பிரதேசத்தில் அது குடியிருக்கிறது.

ஆயினும் புட்டி வைத்தே தீருவேன் என்பவர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்குக்கு நீர் நான்கு பங்கு. அது பூந்தேனின் செறிவுக்கு ஏறத்தாழ ஒத்தது. தேன்சிட்டின் குடலுக்குக் கரும்புச் சர்க்கரையைப் பிளந்து செரிக்கும் சக்தி உண்டு. மைனாவின் குடும்பத்துப் பறவைகளுக்கு அதற்கு வேண்டிய நொதி இல்லை. சிவப்புச் சாயம் கலக்கக் கூடாது. புட்டியின் வாயில் ஒரு சிவப்பு வளையம் இருந்தால் போதும். தேனீயின் தேனையும், நாட்டுச் சர்க்கரையையும், கருப்பட்டியையும் தவிர்க்க வேண்டும். நீர் கலந்த தேன் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பழுப்புச் சர்க்கரைகளில் உள்ள இரும்புச் சத்து இந்தச் சிறு பறவைகளுக்கு மிகையாகும். பகலில் நிழலிலேயே முப்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் இந்தச் சீதோஷ்ணத்தில் சர்க்கரை நீரும் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. தினந்தோறும் வெந்நீரால் கழுவி மாற்ற முடியாதவர் புட்டியை வைக்காதிருப்பதே உத்தமம். தேன்சிட்டு உட்கார்ந்து குடிப்பது என்பதால் கால் பற்ற ஒரு குச்சியும், எறும்பு ஏறாதிருக்கத் தொங்கும் கம்பியில் நீர் நிறைந்த ஒரு கிண்ணமும் அவசியம்.

இவ்வளவு சிரமமும் பட்டுக் கொடுப்பது வெறும் சர்க்கரைதான். பறவைக்குப் பறக்கும் பலத்தை அது தரும், குஞ்சின் எலும்பையும் இறகையும் அது வளர்க்காது. அதற்கு வேண்டியவை சிலந்தியும் சிறு பூச்சியும். மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டு மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சாமல், தாழ்வாரத்துக் கொடிக்கம்பியிலும், தொங்கும் பூந்தொட்டியிலும், மின்விளக்கின் வயரிலுங்கூடக் கூடு கட்டும். பெண் பறவைதான் சிற்பி. மூலைமுடுக்குகளில் அந்தரத்தில் நின்று ஒட்டடையைச் சுருட்டி எடுத்து வந்து கம்பியில் ஒட்டி, அதன்மேல் நார், காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் செதிள், கம்பளிப்புழுவின் எச்சம் ஆகியவற்றைச் சிலந்தி நூலாலேயே பிணைத்து, உட்புறம் இலவம்பஞ்சு போன்ற மென்மையானவற்றை அமைத்து, பக்கவாட்டில் ஒரு வாசலும் அதற்குமேல் மழை ஒதுங்கச் சிறு கூரையும் வைத்து முடித்தால், காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை யாரோ மாட்டி வைத்தாற்போல் இருக்கும். சிலந்தி நூல் நீளும், சுருங்கும், அறாது. குஞ்சுகள் வளர வளரக் கூடும் இடங்கொடுப்பது அந்த நூலின் குணத்தாலேயாம். பெரும்பாலும் இரண்டு முட்டை. பெண் மட்டுமே அடைகாக்கும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் பொரித்த குஞ்சுகளுக்கு இரை கொணர்வதில் ஆணும் பங்கு கொள்ளும். அந்த நாட்களில் ஆண் பறவைக்கு எல்லைப் பற்று மிகுதி. வாசலில் நிறுத்திய காரின் பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தையே பகைவனாகக் கண்டு, ஓயாமல் கொத்திச் சோர்ந்துபோகும்; கண்ணாடியை மடக்கிவைத்தாலோ ஒரு துணிப்பையால் மூடினாலோ அதன் யுத்தம் முடிந்துவிடும்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கும்போது, பழைய ரப்பர்த் தோட்டத்து லயங்களின் பின்னால் நம் மக்கள் போட்டிருந்த கறிகாய்க் கொல்லை எத்துணைச் சிறந்த விருந்து மண்டபமாக இருந்தது என்பது தெரிய வருகிறது. கறிக்கும் மருந்துக்கும் வைத்த அகத்தியின் பெரும்பூ பறவைகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. முருங்கைப் பூவிலும் தென்னம்பாளையிலும் தேன்சிட்டு மொய்க்கும். வாழைப்பூவின் மடல் ஒவ்வொன்றும் திறக்குந்தோறும் புதிய தேன் சுரக்கும். பூசைக்கு வைத்த செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஆண்டு முழுவதும் பூக்கும். பூச்சியும் சிலந்தியும் அங்கே தாமாகவே இருந்தன. ஒருவரும் பறவைக்கென்று எதையும் நடவில்லை. தமக்கென்று நட்டதிலேயே பறவைக்குரிய பாகமும் அடங்கியிருந்தது. இன்று தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் அந்தக் கொல்லை, வாசலுக்கும் வேலிக்கும் இடையே சில முழ அகலமாகச் சுருங்கி, அதிலும் பெரும்பகுதி கார் நிற்கச் சிமெண்டு பூசப்பட்டுவிட்டது. டெங்கிக் காய்ச்சலை முன்னிட்டு அடிக்கும் கொசுப்புகை தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் இலையில் ஒரு துளை கண்டவுடன் வீட்டார் தாமே தெளிக்கும் பூச்சிமருந்து பெரும்பாலும் அவசியமற்றது, தேன்சிட்டின் குஞ்சுக்கு வரவேண்டிய சோற்றை அது பாதி வழியிலேயே பறித்துவிடுகிறது.

எஞ்சியுள்ள அந்தச் சில முழ நிலம் போதும். வேலியோரம் இரண்டு செம்பருத்தி, மூலையில் ஓர் அகத்தி அல்லது ஒரு வாழை, நிழலான இடத்தில் ஒரு ஹெலிகோனியா, தொட்டியில் இட்லிப்பூ என்று வைப்பவர், புட்டி கழுவும் வேலையின்றியே நாள்தோறும் புதுத் தேனைப் பரிமாறியவராவார். தம் சமையலுக்கும் பூசைக்கும் வேண்டியதும் அதிலேயே கிட்டும். பூச்சிமருந்தை நிறுத்தினால் குஞ்சுகளுக்கும் சேர்த்து அன்னமிட்டவராவார். தாழ்வாரத்து மூலை ஒன்றை மட்டும் ஒட்டடைக்கோலுக்கு விலக்களித்து விட்டுவைக்க வீட்டுக்காரி சம்மதித்தால், வீடு கட்டச் சாமான் கொடுத்த புண்ணியமும் அந்த அம்மாளையே சேரும். துடைப்பத்தைச் சற்று ஓய்வாக வைப்பதனால் மட்டுமே ஒரு குடும்பத்தைக் குடியேற்றும் வசதி, பெரிய செலவு செய்து நடத்தும் தர்மங்களிலுங்கூடக் கிடைப்பதில்லை.